அலமாரிக் கதவில் ஒரு மார்புப் படம்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றினான். பனியனோடு போய் அலமாரியின் முன் நின்றான். நெஞ்சைக் கதவோடு ஒட்டி, மோவாயைத் தூக்கினான். புறங்கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்னால் தள்ளினான்.

"நான் இன்னும் வாயே திறக்கலையே அண்ணா!" தலை வாரிக்கொண்டே கத்தினாள் தங்கை.

"தெரியும். சொல்லு."

நான்கு மாதமாகத் தினமும் இதுதான். அவள் எக்ஸ்ரே படிப்பில் கடைசி ஆண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. அவன் மனைவி இறந்தபோது பத்து நாள் துணைக்கு என்று ஒரு பையோடு வந்தவள். பதினான்கு மாதமாயிற்று. இப்போது நாற்காலி, ஜன்னல், குளியலறைக் கொக்கி எல்லாம் அவளுடைய துணிதான். மார்புப் படம் எடுத்துப் பழக நோயாளி தேவைப்பட்டார், அண்ணன் இருந்தான். நோயாளி சாய்ந்து நிற்கப் பலகை தேவைப்பட்டது. அந்த வீட்டில் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது அலமாரி ஒன்றுதான். அது அவன் மனைவியுடையது. அவள் போனபின் திறக்கவில்லை. முதல் நாள் தங்கை தயங்கினாள். "மரம்தானே," என்றான் அவன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஓடி, வாயாலேயே "டக்" என்றாள். அதன்பின் அங்கே தாவணிக்கு ஊசி தேடினாள். அடையாள அட்டையைத் தேடினாள். பாலைக் குடித்தாள். அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வந்தபோது சமையலறையில் டம்ளர் விழுந்தது.

"ஐயையோ, விடு விடு விடு!"

விட்டான்.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"நேத்து நாற்பத்தொண்ணு. பரவாயில்லை, முன்னேறிட்டேன்."

அவளுடைய ஒரே கோளாறு இதுதான். வகுப்பில் அவளுக்குப் பெயர் எஃப்.எம். வாயை மூட வைக்க ஆளே கிடையாது. ஆனால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கியதும் நிலையம் அணைந்துவிடும். மூச்சைப் பிடிக்கச் சொன்னவள், விடச் சொல்ல மறந்துவிடுவாள். செய்முறைத் தேர்வில் இரண்டு முறை இதற்காகவே தோற்றாள். இரண்டாம் முறை நோயாளியாக நின்ற கேன்டீன்காரர் கண் பிதுங்கி, "பாப்பா, நான் உயிரோட இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். இன்று மூன்றாவது முறை. இதிலும் தவறினால் ஓர் ஆண்டு முழுவதும் மறுபடி.

"வாயாடி, ஒரே ஒரு வார்த்தை," என்றான் அவன். "அதைச் சொல்லிட்டு அப்புறம் வாயை மூடு."

"நீ பேசறியா எனக்கு? ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. அதுல நாலு 'ம்'."

"ம்."

அவள் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அவன் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வந்தபோதுதான் பார்த்தான். அலமாரிக் கதவில், தோள் உயரத்தில், ஒட்டுநாடாவில் இரண்டு சின்ன ஈய எழுத்துகள். ஒன்று இடப்பக்கத்துக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. அவை இல்லாவிட்டால் படத்தில் எந்தப் பக்கம் எது என்று தெரியாது. மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஜோடி உண்டு. கடன் வாங்கக் கூடாது. அது இல்லாமல் தேர்வு அறைக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று அவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

போன் செய்தான். எடுக்கவில்லை. நாடாவை உரித்தான். வண்ணம் கொஞ்சம் கூடவே வந்தது. அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பினான்: தாமதமாகும்.

எக்ஸ்ரே பிரிவு தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. பெரிய உறைகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. அதன் கீழே தங்கை தன் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். அவன் கையை நீட்டினான்.

"அண்ணா!" பெஞ்சு மொத்தமும் திரும்பியது. "நீ அண்ணன் இல்லை, தெய்வம்!"

"கத்தாதே."

அதற்குள் கதவு திறந்து தேர்வாளர் தலையை நீட்டினார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது. முகத்தில் ஈயாடவில்லை.

"நோயாளியா நிக்க வேண்டிய கேன்டீன்காரருக்கு விக்கல்மா. நிக்கவே மாட்டேங்குது. மூச்சைப் பிடிக்க முடியாத ஆளை வச்சு நான் என்ன தேர்வு நடத்தறது?"

உள்ளேயிருந்து கேன்டீன்காரரின் குரல் கேட்டது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தேன். இந்தப் பாப்பா பேரைப் படிச்சீங்க பாருங்க, அப்பதான்... விக்!"

தேர்வாளரின் பார்வை அவன் மேல் விழுந்தது. "நீங்க யாரு?"

"என் அண்ணன் சார்," என்றாள் அவள்.

"யாரா இருந்தா என்ன, நெஞ்சு நெஞ்சுதானே. உள்ளே வாங்க. பேரும் பிறந்த தேதியும் இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்க. மெஷின்ல கதிர் வராது, சத்தம் மட்டும்தான். பயப்படாதீங்க."

உள்ளே குளிராக இருந்தது. சுவரில் வெள்ளைப் பலகை. அதைக் கண்டதும் அவனுடைய உடம்பு தானாக நடந்தது. நெஞ்சு ஒட்டியது. மோவாய் உயர்ந்தது. புறங்கைகள் இடுப்புக்குப் போயின.

"நிறுத்துங்க!" என்றார் தேர்வாளர். "சொல்றதுக்கு முன்னாடியே நீங்க செஞ்சா அவளுக்கு மார்க் கிடையாது. ஒண்ணுமே தெரியாத ஆள் மாதிரி இருங்க. வெளியே போய்ட்டு முதல்லேருந்து வாங்க."

தங்கையின் முகம் வெளிறிவிட்டது. அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். ஒண்ணுமே தெரியாத ஆள். சரி.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "இங்கேதான் பல் பிடுங்கறாங்களா?"

அவள் திகைத்தாள். தேர்வாளரின் பேனா நின்றது.

"இல்லைங்க சார். இது எக்ஸ்ரே. உள்ளே வாங்க. உங்க பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

பேரைச் சொன்னான். தேதியில் மாதத்தை மாற்றிச் சொன்னான். அவள் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சீட்டுல வேற மாசம் இருக்கே சார்?"

"அப்படியா? எங்கம்மாவைக் கேட்கணும்."

"கேட்க வேண்டாம் சார். யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. தேர்வாளர் எதையோ எழுதினார். நல்லதைத்தான் எழுதியிருப்பார் போல, தலை மேலும் கீழும் ஆடியது.

"பாக்கெட்ல இருக்கறதெல்லாம் இந்தத் தட்டுல வைங்க."

பேனா. பஸ் டிக்கெட். அலமாரியின் சிறிய சாவி. சாவி தட்டில் விழுந்த சத்தம் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. அது தன் பையில் இருப்பதே அவனுக்கு மறந்திருந்தது. அவள் அதை ஒரு நொடி பார்த்தாள். தட்டை ஓரமாக, பத்திரமாக நகர்த்தி வைத்தாள்.

"இப்போ பலகையைப் பார்த்து நில்லுங்க."

முதுகைக் காட்டி நின்றான்.

"நெஞ்சு சார். நெஞ்சு பலகைப் பக்கம்."

திரும்பினான். "கட்டிப்பிடிக்கணுமா?"

மூலையிலிருந்து கேன்டீன்காரர் சிரித்தார். சிரித்ததில் விக்கல் நின்றுபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் கிட்டே வந்து அவன் மோவாயைத் தூக்கினாள். கைகளை எடுத்து இடுப்பில் வைத்தாள். முழங்கைகளை முன்னால் தள்ளும்போது தேவையானதைவிடக் கொஞ்சம் பலமாகவே தள்ளினாள்.

"வலிக்குதா சார்?" என்று கேட்டாள், தேன் குழைத்த குரலில்.

"இல்லைங்க மேடம்."

ஈய எழுத்தைப் பலகையின் மூலையில் ஒட்டினாள்.  நான்கு மாதமாக வீட்டில் தினமும் ஒட்டிய கை.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

செருப்புச் சத்தம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றது. டக்.

இதுதான் இடம். இங்கேதான் அந்த நிலையம் அணையும். கன்னம் பலகையில் படிந்திருக்க, அவன் எண்ண ஆரம்பித்தான். லேசாக இருமினால் போதும், அவளுக்கு உறைத்துவிடும். ஆனால் தேர்வாளருக்கும் உறைத்துவிடும். இருமக் கூடாது. ஐம்பது ஆனாலும் சரி, அறுபது ஆனாலும் சரி, விழுந்தால் தூக்கத்தான் இது ஆஸ்பத்திரியாயிற்றே.

ஒன்று. இரண்டு.

"மூச்சை விடுங்க சார்," என்றது ஒலிபெருக்கி. தெளிவாக, நிதானமாக, தினமும் சொல்கிறவளைப் போல.

இரண்டிலேயே வந்துவிட்டது! அவனால் நம்ப முடியவில்லை. நாற்பதுக்குப் பழகிய நெஞ்சு அது. கூடவே இன்னொன்றும் நடந்தது. பல் பிடுங்கும் அறையும், அம்மாவைக் கேட்கணும் என்றதும், மேடமும், விக்கலும் எல்லாம் சேர்ந்துகொண்டு அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறின. பதினான்கு மாதமாக அந்தப் பக்கமே வராத சிரிப்பு. வாயைத் திறந்தால் மூச்சு மட்டும் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டான். தோள் குலுங்கியது. பலகை அதிர்ந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் தேர்வாளர் கடைசிக் கட்டத்தில் 'சரி' போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். படிவத்தில் அவள் சொன்னதாக இருப்பது அந்த மூன்று வார்த்தைகள்தான். ஆனால் ஒலிபெருக்கியை அவள் இன்னும் அணைத்திருக்கவில்லை. கடைசியாக அவள் சொன்னதை வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் கேட்டார்கள்:

"அதான் நான் சொல்லிட்டேன்ல அண்ணா! விடு, மூஞ்சி கத்திரிக்காயா மாறுது, விடு!"