மூன்று பீப்பாக்களும் ஒரு மூக்கும்

ஜெகதீஸ்வரி பதினெட்டு வருடமாக வைன் செய்கிறாள். ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற நகரப் பகுதியில் பழைய தையல் ஆலை ஒன்றின் கீழ்த்தளத்தில் அவளும் கணவர் விமலநாதனும் மகள் ஆர்த்திகாவும் நடத்தும் சின்ன வைன்சாலை அது. கறுப்புத் திராட்சை பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவிலிருந்து லொறியில் வரும். பிழிந்து பீப்பாவில் ஊற்றுவது விமலநாதன், விற்பது ஆர்த்திகா. எந்தப் பீப்பா போத்தலுக்குப் போகும் என்று தீர்ப்புச் சொல்வது மட்டும் ஜெகதீஸ்வரியின் மூக்கு.

சாமிக்குப் படைப்பதை முன்கூட்டி ருசி பார்க்கக் கூடாதல்லவா? பதம் ஆவியிலேயே தெரிய வேண்டும். படையல் பொங்கிப் பழகிய அந்த மூக்கு வைனிலும் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இந்தத் தை மாதம் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போயும் வாசம் திரும்பவில்லை. சொன்னால் தனக்கு இங்கே என்ன வேலை என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. போன வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல அரிசியும் சர்க்கரையும் போட்டுப் புக்கை பொங்கிப் படைத்தாள். கணவரும் மகளும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். ஒருநாளும் பானை கழுவாத மகள் அன்று தானாகவே எடுத்துக் கழுவினாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று இவள் பூரித்துப்போனாள்!

இன்று மார்ச் மாத மத்தியானம். கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பீப்பாவிலிருந்தும் மூன்று கிளாஸ் மேசையில் நின்றன. அவற்றில் ஒன்றுதான் இந்த வருடத்து வைனாகப் போத்தலுக்குப் போகும். பிழையாகச் சொன்னால் பதினெட்டு வருடப் பெயர் போய்விடும்.

முதல் கிளாஸை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மற்ற இரண்டும் அப்படியே. ஏதோ ஒன்றைக் காட்டிவிடுவோம் என்று விரலைத் தூக்கினாள். தூக்கிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றாள். அழுகை வந்துவிட்டது.

"தெரியும்," என்றார் விமலநாதன். "வெள்ளிக்கிழமை புக்கை அடிப்பிடிச்சுப்போச்சு. நாங்கள் திண்டனாங்கள்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீரே சொல்லுவீரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப கண்ணை மூடும்."

வழக்கமாக இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மனுசன் முதல் கிளாஸை எடுத்து முகர்ந்தார். "மாரிக் குளிரிலை மெட்ரோக் கதவைத் திறக்கேக்கை முகத்திலை அடிக்கிற சூட்டுக் காத்து."

அடுத்தது. "மழை விட்ட பிறகு எங்கட வீட்டுக்குப் பின்னாலை போற ஒழுங்கை. மரவேலி ஈரமாக் கிடக்கு. ஆரோ வீட்டிலை பழம் காச்சினம்."

மூன்றாவதை ஆர்த்திகா எடுத்தாள். "ஹீற்றரிலை காயப் போட்ட கையுறை, அம்மா."

மூடிய கண்ணுக்குள் ஜெகதீஸ்வரி அந்த ஒழுங்கையில் நடந்துகொண்டிருந்தாள். பனி எல்லாம் போய்விட்டிருந்தது. வேலியைத் தொட்டாள், விரல் நனைந்தது. யாரோ வீட்டு ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே பழம் மெல்லக் கொதித்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டாவது," என்றாள் கண் திறக்காமலே. "அங்கையிருந்து வர மனமில்லை."

"எனக்கும் அதுதான்," என்றார் அவர். பதினெட்டு வருடமாக இவரும் முகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்! அவளுக்குக் கோபமும் வந்தது, அதைவிட அதிகமாக அன்பும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை புக்கை பொங்கியதும், ஒரு கரண்டி எடுத்து ஊதி, விமலநாதனின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பதறினார்.

"படைக்க முந்தியோ?"

"போன கிழமை முருகனும் கருகலைத்தானே சாப்பிட்டவர்," என்றாள். "சக்கரை காணுமோ, இன்னும் போடவோ எண்டு சொல்லுங்கோ."