பாபிகிரின் சொட்டு மருந்து

இத்ரீஸ் இரண்டு கைகளையும் ஏந்தி, தண்ணீர்ப் பானைக்கு நேராக நின்று, இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதினார். துக்கம் கேட்க வந்த ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பின்பக்கம். அவர்களைப் பார்த்து ஓதுவதுதான் முறை. ஈரச் சாக்கு போர்த்திய பெரிய பானை பதில் சொல்லவில்லை. சூடானின் ஓம்துர்மான் நகரத்துக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். தலைப்பாகை நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

ரவ்தாவுக்கும் சிரிப்பு முட்டியது. அவள் அப்பா பாபிகிரைக் காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். குண்டு விழுந்து அல்ல, எழுபத்தொன்பது வயதாகி. சண்டை தொடங்கியபின் அந்தத் தெருவில் அது பெருமையான சாவு. அவர் இருந்திருந்தால் இந்தக் கூத்தை வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டியிருப்பார்.

சிரிப்பு அடங்கியதும், இத்ரீஸுக்குக் கண் தெரியவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்கும் அவருடைய சிநேகிதரான இத்ரீஸுக்கும் ஒரே வியாதி, கண் அழுத்தம். தினமும் ஒரு சொட்டு விட்டால் இருக்கிற பார்வை நிலைக்கும். நிறுத்தினால் அதுவும் போகும்; போனது திரும்பாது. மருந்துக் கடைகள் எரிந்த பிறகு, மருந்து இருக்கிறதா என்று அப்பா தினமும் கேட்பார். நிறைய இருக்கிறது என்று இத்ரீஸ் தினமும் சத்தியம் பண்ணுவார்.

அவரை உள்ளே கூட்டிப்போய்க் கேட்டாள்.

"தீர்ந்து ரெண்டு மாசமாச்சும்மா. சொல்லியிருந்தா உங்கப்பன் பாதியக் குடுத்திருப்பான். ரெண்டு பேரும் சேந்து குருடாகணுமா?"

"அதான் சீட்டுல தோத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ராஜா எது ராணி எதுன்னே தெரியல. அவன் ஜெயிச்சதாவே இருக்கட்டும். வெளியில சொல்லிராத."

மின்சாரம் இல்லாத வீட்டில் மருந்துக்குப் பானைக் கழுத்துதான் குளிர்ச்சி. அங்கே தொங்கிய அப்பாவின் பாட்டிலை எடுத்துவந்தாள். திறந்து நாலு நாள்தான். இன்னும் மூன்று வாரம் தாங்கும். செத்தவன் மருந்து தனக்கு வேண்டாம் என்று அவர் முரண்டு பிடித்தார்.

"படுங்க சித்தப்பா. இல்லன்னா சீட்டுக் கதைய இப்பவே போய்ச் சொல்லிருவேன்."

மனிதர் அப்பாவின் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டு, மருந்து மூக்குக்குள் இறங்காமல் மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டாள். தினமும் அப்பாவுக்குச் செய்தது. இத்ரீஸின் முகவாய் நடுங்கத் தொடங்கியது.

"அழக் கூடாது சித்தப்பா. மருந்து வெளிய வந்துரும். அஞ்சு நிமிஷம்."

இத்ரீஸ் பல்லைக் கடித்துக்கொண்டார். அழுகையை அடக்க, பாபிகிரின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்: சீட்டை மறைக்கிற புத்தி, ஊரை எழுப்பும் குறட்டை, தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரை. நாலாவது நிமிடத்தில் குறைகள் தீர்ந்துபோயின.

கடிகாரத்தைப் பார்த்து ரவ்தா விரலை எடுத்தாள்.

"ஆச்சு சித்தப்பா. இனிமே அழலாம்."

கட்டில் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. அவளும் அதன் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.