இன்றைய எண்ணிக்கை

எங்கள் வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போனை எடுப்பவள் நான் ஒருத்திதான். ஏழு வருஷமாக மாடிப்படிக்குக் கீழே என் மேசை. மெஷின் ஒழுகினால் தயாரிப்புக்காரர்கள் கொள்முதலைக் கைகாட்டுவார்கள், கொள்முதல் டெலிவரியைக் கைகாட்டும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். இங்கே கூத்தாடி நான், வாங்கியதெல்லாம் திட்டுதான்.

புதிதாக வந்த மேனேஜர் எல்லாக் குழுத் தலைவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே இலக்கைக் கொடுத்தார். தொடர்ந்து முப்பது நாள் ஒரு புகாரும் வரக்கூடாது. மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் என் மேசைக்கு வந்து அன்றைய எண்ணிக்கையைக் கேட்க வேண்டும்.

வந்தார்கள்! “எந்த இடத்துலக்கா ஒழுகுதுன்னு சொல்றாங்க?” என்று தயாரிப்பு மீசைக்காரர் கேட்டார். சொன்னேன். கொள்முதல் மேடம் மறுவாரமே ரப்பர் வளையத்தை மாற்றினார். டீ வந்தால் எனக்கும் ஒன்று வந்தது. வீட்டில் பேச ஆளில்லாதவள் நான். நாலரைக்கே தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தேன் என்றால் பாருங்களேன்.

நாளுக்குப் பதினாலு புகார் ஆறானது, ஆறு ஒன்றானது, பிறகு பூஜ்யம். பூஜ்யம் தொடர்ந்த நாலாம் நாள் மீசைக்காரர், “பூஜ்யம்னா குரூப்புல மெசேஜ் போட்டுடுங்கக்கா, போதும்” என்றார். அதோடு யாரும் படியிறங்கவில்லை.

தொடர்ந்து இருபத்தொன்பதாம் நாளும் புகார் போன் அடிக்கவில்லை. ஐந்து மணிக்கு மெசேஜில் ‘ஒன்று’ என்று தட்டினேன். அனுப்பினால் போதும், அத்தனை பேரும் ஓடி வருவார்கள், “என்னக்கா ஆச்சு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக மனசு கிடந்து தவித்தது. அப்போது மாடியில் மீசைக்காரரும் கொள்முதல் மேடமும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. முன்பு ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர். நான் ஒரு பொய் சொன்னால் நாளைக்கே பழையபடி கைகாட்டுவார்கள். அழித்துவிட்டுப் பூஜ்யம் என்று அனுப்பினேன்.

மறுநாளும் பூஜ்யம், சாயந்திரம் மாடியில் விழா. நானும் மேலே போகலாம் என்று எழுந்தேன். மேனேஜர் படியிலிருந்தே குனிந்து, “நீங்க இங்கயே இருங்கம்மா, போன் அடிச்சா யாராவது எடுக்கணுமே” என்றார்.

மேலே ஒவ்வொரு குழுவின் பெயராகச் சொல்லிக் கை தட்டினார்கள். கீழே உட்கார்ந்து நானும் தட்டினேன். போன் அடிக்கவில்லை.