பிரசவ விடுப்பு உள்ள வேலை

பல் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு அவளுக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று சின்ன கிளினிக். அங்கே சம்பளமெல்லாம் கிடையாது, பார்க்கிற வேலையில் பங்கு. ஆனால் வேர் சிகிச்சைக்கென்றே ஒரு மைக்ரோஸ்கோப் வைத்திருந்தார்கள். பார்த்த அன்றே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். மற்றது ஏழு நாற்காலி போட்ட மருத்துவமனை. மாதச் சம்பளம் உண்டு. நாள் முழுக்க ஊரார் பல்லில் காறை சுரண்ட வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு கிளினிக்குக்குத் தலையாட்டியிருப்பாள். அந்த வாரம் பார்த்துத்தானா வயிற்றில் பிள்ளை என்று தெரிய வேண்டும்? பங்குக்கு வேலை செய்கிறவளுக்கு விடுப்பு ஏது? மருத்துவமனையிலோ ஆறு மாதம் முடித்தால் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. விரல் விட்டு எண்ணினாள். சரியாக வந்தது.

"பாவம், மைக்ரோஸ்கோப்" என்று கணவன் கேலி செய்தான்.

"அதுக்கு வேற யாராவது கிடைப்பாங்க. இதுக்கு நான்தானே இருக்கேன்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள். மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று அம்மாவின் உத்தரவு. அதனால் எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே நழுவினாள். நர்ஸ் அக்கா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து, "டாக்டர், உங்களுக்கு ஃபோன்" என்று வராத ஃபோனுக்கு அவளே அனுப்பி வைத்தாள்.

அம்மா சொன்ன கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஊருக்கே சொல்லாத பிள்ளைக்கு யாரிடம் போய் அழுவது? காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து நான்கு நாள் படுத்துக் கிடந்தாள்.

"சேர்ந்த உடனேயே இப்படி லீவு போட்டா எப்படிம்மா?" என்றார் மேனேஜர். நர்ஸ் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வீட்டில் வந்து சொன்னாள்.

"போயேன்" என்றான் கணவன். நல்ல மனசோடுதான் சொன்னான். "இப்பதான் எந்தத் தடையும் இல்லையே."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போய் நின்றான்.

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பிள்ளைக்காக அவளால் செய்ய முடிந்தது இந்த வேலையில் சேர்ந்தது ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்றாகிவிடாதா?

"நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். "அந்த ஆறு மாசம் முடியட்டும்."

அவன் சரி என்றான். அன்றுதான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.