ஓரமாகப் போனவள்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடியே அம்மாவின் கைப்பேசியில் மகள் தட்டினாள்: "அம்மா போயிட்டாங்க." அனுப்பிவிட்டுக் கைப்பையில் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"எந்த வழியா? தண்ணித் தொட்டி ரோட்டுல கண்ணாடி சிதறிக் கிடக்கு. சுத்திப் போகச் சொல்லும்மா."

அடுத்து இன்னொன்று. "டிஸ்சார்ஜ் ஆன கையோட வண்டிய எடுத்தாச்சா? அக்காவை வீட்ல யாரும் கட்டிப் போடலியா?"

மூன்றாவது ஒரு குரல் பதிவு. சைக்கிள் கடைக்காரருடையது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் குழுவில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். "அக்கா, உங்க வண்டி என் கடையிலதானே நிக்குது? யாரு வண்டில போறீங்க? அந்த ஷோரூம்காரன்கிட்ட புதுசு வாங்கிட்டீங்களா? பெடல் மாத்தச் சொன்னா வண்டியையே மாத்தச் சொல்றவன்க்கா அவன். துரோகம்க்கா இது!"

ஊர் சைக்கிள்காரர்களின் குழு அது. யார் எந்தப் பக்கம் போகிறார்கள், அந்தப் பக்கம் எங்கே பள்ளம், எங்கே நாய், எங்கே மூடியில்லாத சாக்கடை, பஞ்சர் ஆனால் எந்தக் கடைக்காரனை நம்பலாம் என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சுக் கிடையாது. அங்கே ஒருவர் போய்விட்டார் என்றால் வண்டியில் போய்விட்டார் என்றுதான் பொருள். போதாததற்கு அம்மாவே கட்டிலில் படுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வண்டி எடுக்கிறேன், எல்லாரும் வழி விடுங்க" என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தாள். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம். சளி நெஞ்சில் இறங்கியது அதற்குப் பிறகு.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கவுண்டரில் நின்றிருந்த மாமா திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா சிரிப்பு, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல மாமா."

மறுபடி தட்டினாள். "இறந்துட்டாங்க." திரையில் யாரோ எழுதுவதாகக் காட்டியது. நின்றது. வேறு யாரோ எழுதுவதாகக் காட்டியது. எதுவும் வரவில்லை.

வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி அம்மாவைக் கிடத்தினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் வாசலிலேயே மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

"சைக்கிள்ல போய் விழுந்துட்டா. இந்த வயசுல உனக்கு எதுக்குடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அண்ணன் பேச்சை என்னிக்குக் கேட்டா?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் மகளால் தாங்க முடியவில்லை. ஆசைக்கு ஓட்டினாள், விழுந்தாள், செத்தாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அம்மாவின் சாவு இப்படித்தான் ஆகிவிடும். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் அம்மா. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. "பாலத்துக்குக் கீழே இடது சுவரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. பெடல் உயரம். கவனம்." இணைப்புக் கொடுப்பது போலத்தான் குழுவில் சொல்வாள்.

மாமாவின் நண்பர் ஒருவர் வந்தார். நகராட்சியில் ஓவர்சியர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"பெரியவங்க. கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாம்."

"பாத்துத்தான் போனாங்க, சார்," என்றாள் மகள். "துணியைப் பாத்துப் போனாங்க."

"எந்தத் துணி?"

"பாலத்துக்குக் கீழ, கம்பில. உங்க ஆபீசுக்கு நடந்து நடந்து அலுத்துப்போய் அம்மாவே ஒரு பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கிழிச்சுக் கட்டியிருந்தாங்க. இருட்டற நேரத்துல துணி தெரிஞ்சதும் வண்டியை விலக்கிடுவாங்க. அன்னிக்குத் துணி இல்ல. யாரு எடுத்தா?"

ஓவர்சியர் மாமாவைப் பார்த்தார்.

"அதும்மா... மேலிடத்துலேர்ந்து பார்வையிட வந்தாங்க. கந்தல் தொங்கினா பாக்க நல்லாயிருக்காதுன்னு பாதையைச் சுத்தம் பண்ணச் சொன்னோம்."

"சரி. கம்பி?"

"கம்பி பாலத்தைச் சேர்ந்தது. அது வேற டிபார்ட்மென்ட்."

அவர் அதைக் கூச்சமில்லாமல்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அறை அமைதியானது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்துவந்து அம்மாவின் போர்வையை, அது சரியாகவே இருந்தபோதும், ஒருமுறை இழுத்துவிட்டாள். மாமா வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவர் விழுந்த கதையைச் சொல்லவில்லை. சும்மா, "தங்கச்சி," என்று மட்டும் சொன்னார்.

மதியம் சைக்கிள்கள் வந்தன. பழையது, புதியது, கூடை வைத்தது, பின்னால் குழந்தை இருக்கை வைத்தது. உள்ளே வரலாமா என்று தெரியாமல் எல்லோரும் காம்பவுண்டுக்கு வெளியே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்கள். பிரேக் மட்டும் இரண்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒன்று அம்மாவுடையது. விழுந்ததில் கோணிப்போயிருந்த முன்சக்கர ஃபோர்க் நிமிர்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து தினம் போன்க்கா... போன்மா. ரெடியா ரெடியான்னு." அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

மாமா மகளை உள்ளே அழைத்தார். "வரட்டும், வேண்டாங்கல. வண்டியெல்லாம் தெருமுனையில விட்டுட்டு வேன்ல ஏறிக்கச் சொல்லு. இது என்ன ஊர்வலமா?"

"அவங்க வண்டிலதான் வருவாங்க, மாமா. நானும்."

"நீயா? உனக்கு ஓட்டவே வராது."

"வரும். நல்லா வராது, அவ்வளவுதான்."

"பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"இவ்வளவு நேரம் என்ன சொன்னாங்க?"

மாமா மோவாயைத் தடவினார். "சரி. ஓரமாவாவது வரச் சொல்லு. பின்னால பஸ் வரும், லாரி வரும்."

"ஓரமா போனதாலதான் மாமா செத்தாங்க. நடுவுல வருவோம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிலோ தோற்றவர் போல வேனின் முன் இருக்கையில், ஓட்டுநர் பக்கத்தில், ஏறி உட்கார்ந்தார்.

அம்மா அவளைவிட உயரம். "சீட்டை இறக்கட்டுமாம்மா?" என்றார் பிரேக். வேண்டாம் என்றாள். ஏறி உட்கார்ந்ததும் கால்விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது.

முன்னால் பிரேக். அடுத்து, குழந்தை இருக்கை வைத்த வண்டியில் ஒரு டீச்சர். அவருக்குப் பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், கடைசியில் அம்மாவைக் கிடத்தியிருந்த வேன். தெரு முடிந்து பெரிய சாலை வந்ததும் பிரேக் தயங்காமல் சாலையின் நடுவுக்கு ஏறினார். எல்லோரும் ஏறினார்கள். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. மறுபடி நீளமாக அடித்தது. "ஓரமா போங்கய்யா, ரோடு உங்கப்பன் வீட்டுதா?" என்று யாரோ ஜன்னல் வழியாகக் கத்தினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. வேனின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, பொறு என்பது போல, பேருந்தைப் பார்த்து விரிந்தது. முழங்கை வரை வெள்ளைச் சட்டை. மாமாவுடையது. மகள் அதைப் பார்க்கவில்லை. அவள் கண் முன்சக்கரத்திலேயே இருந்தது.

மின்வாரியக் கட்டடம் தாண்டியதும் பிரேக் வாய் திறக்காமல் இடது கையைக் கீழே நீட்டித் தரையைக் காட்டினார். டீச்சரின் கையும் அதேபோல நீண்டது. தார் பெயர்ந்த பள்ளம் ஒன்று, உள்ளே கலங்கிய தண்ணீர்.

கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து மகள் இதுவரை வண்டி ஓட்டியதில்லை. எடுத்தாள். முன்சக்கரம் ஆடியது. வலது கையை இறுக்கிக்கொண்டு இடது கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை, அதற்குப் பின்னால் இன்னொரு கை.

வேன் வேகத்தைக் குறைத்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, குலுங்காமல் வந்தது.