முகமூடியின் கண்

ரூத்துக்கு ஆடு வரவில்லை. சிறுசேரி ஆபீசில் எந்த சாஃப்ட்வேரிலும் ஓட்டை கண்டுபிடிக்கிற கில்லாடி அவள். ஆனால் வாரக் கடைசி நாடகக் குழுவில் ஆட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு நான்கு காலில் நின்றால், தொலைந்த கம்மலைத் தேடுகிற பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

“இன்னா ரூத், சனிக்கெழமையும் இதே கதின்னா ரோகிணிதான் ஆடு,” என்று சொல்லிவிட்டாள் இயக்குநர் சுஷ்மிதா. இரண்டு வருஷமாகத் திரை இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு வாய்த்த முதல் வேஷம். விட்டுக்கொடுக்க ரூத்துக்கு மனசே இல்லை.

லீவு போட்டுவிட்டு, சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால் மேய்கிற ஆடுகளோடு இரண்டு நாள் குந்தியிருந்தாள். ஏதோ பெரிதாக யோசிக்கிற மாதிரி மென்றுகொண்டே பாவலா பண்ணுகிற ஜீவன்கள். அவளுக்குப் புரியாதது ஒன்றுதான்: கிட்டே போனால் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கின்றன? கோபமா? மறுநாள்தான் பொறி தட்டியது. திருப்பிக்கொள்ளவில்லை, அவளைப் பார்க்கின்றன! கண் பக்கவாட்டில் அல்லவா இருக்கிறது!

அவளோ முகமூடியின் முன்பக்கம் போட்ட இரண்டு துளை வழியாக எல்லாரையும் நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குள் இருந்த மனுஷி மாட்டிக்கொண்டது அங்கேதான். துளைகளைக் காகிதம் ஒட்டி அடைத்தாள். இப்போது முகவாய்க்குக் கீழே ஒரு சாண் தரை மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை ஒத்திகை, கோட்டையை ஒட்டிய திடலில். மடியில் இன்னொரு ஆட்டு முகமூடியோடு ரோகிணி தயாராக உட்கார்ந்திருந்தாள். ரூத் காதைத் தீட்டிக்கொண்டு நகர்ந்தாள். சத்தம் வந்த பக்கமெல்லாம் கன்னத்தைக் காட்டினாள். எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

திடல் ஓரத்தில், பக்கத்து வீட்டு சாராளம்மா பழைய புடவையில் கூழ்வத்தல் காயவைத்துவிட்டு, போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். ரூத்தின் கை நேராக வத்தல்மேல் இறங்கியது.

“ச்சூ! ஓடு அந்தாண்ட!”

முதுகில் சுளீரென்று விளக்குமாறு விழுந்தது. அடித்த பிறகுதான் சாராளம்மா பதறிப்போனார்.

“ஐயோ, கண்ணு! நீங்கோ டிராமா போட்டுகினு கீறது எனக்குத் தெரியும்மா. இந்தக் கை தானா ஓங்கிடுச்சு!”

“ரோகிணி, அந்த முகமூடிய எடுத்து உள்ள வை,” என்றது சுஷ்மிதாவின் குரல்.

முதுகு எரிந்தது. தடவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆட்டுக்கு ஏது கை? ரூத் அந்தக் குரல் வந்த பக்கம் கன்னத்தைத் திருப்பி, மென்றுகொண்டே நின்றாள்.