தொடாமலே கலைத்த கம்பி

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் என் கட்டைவிரலுக்கு மட்டும் ஓய்வில்லை. காற்றுச் சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் உழைத்த விரல் அது. கொசு உட்கார்ந்து எழுந்த தடத்தைக்கூடத் தடவிச் சொல்லிவிடும். அதனால்தான் அன்று காலை இன்ஜினியரம்மா என்னைக் கூப்பிட்டார்.

சுரங்கம் என்றதும் மண்ணைத் தோண்டிவிடாதீர்கள். லாரி நுழையும் அகலத்தில் ஒரு நீளப் பெட்டி. ஒரு முனையில் ராட்சத விசிறி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கட்டில்போலக் கிடத்திய உலோகத் தகடு. தகட்டை ஒட்டி வெள்ளைப் புகையை ஒரு கோடாக ஓடவிடுவார்கள். தகடு வழவழவென்றிருந்தால் கோடு கலையாமல் கடைசிவரை போகும். அன்று கால்வாசித் தூரத்திலேயே பூனை உருட்டிய நூல்கண்டாகிவிட்டது.

தகட்டை மெருகேற்றியவன் என் மனைவியின் தம்பி.

"மூணு வாட்டி தேய்ச்சாச்சு அத்தான். இன்னும் தேய்ச்சா தகடு காணாமப் போயிடும்."

விரலை வைத்தேன். வெண்ணெய்! ஆனால் மச்சானைச் சீண்ட இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? உதட்டைப் பிதுக்கினேன்.

"மாட்டு நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கேடா."

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் விறுவிறுவென்று எழுதினார். "நீங்களே சொல்லிட்டீங்க சார். இது மூணாவது தடவை. இவரை இன்னையோட வேலையிலேர்ந்து நிறுத்திடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மச்சான் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

"ஐயோ, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேம்மா!"

"மச்சான்னு இப்ப மாத்திப் பேசாதீங்க."

மச்சான்தான் தொண்டையைச் செருமினான். "மேடம், தகட்டை முன்பின்னா திருப்பிப் போட்டுப் பாருங்க. என் தேய்ப்புல கோளாறுன்னா அதுவும் கூடவே அந்தப் பக்கம் போயிடணும்ல?"

இரு முனையும் ஒன்றுபோலச் செதுக்கிய தகடு. திருப்பினோம். விசிறி உறுமியது. புகை ஓடி வந்தது. அதே இடத்தில், ஒரு நூல்கூடத் தள்ளாமல், சிக்கிக்கொண்டது.

மூவரும் குனிந்தோம். காற்று வரும் திசையில் பார்த்தோம். தகட்டுக்கு முன்னால், நாலு விரல் உயரத்தில், வெப்பமானியைத் தாங்கிக் குறுக்கே ஒரு பென்சில் தடிமன் கம்பி. தகட்டை அது தொடவே இல்லை. ஆனால் படகு போன பிறகும் தண்ணீர் கலங்கிக்கொண்டே வருமே, அப்படிக் கம்பியைத் தாண்டிய காற்று சுழன்று சுழன்று வந்து, தகட்டை ஒட்டிச் சாதுவாகப் போன காற்றைக் குலைத்துக்கொண்டிருந்தது.

கம்பியைக் கழற்றினோம். புகை அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் கடைசிவரை ஓடியது.

"இதை யார் மாட்டினது?" என்றார் இன்ஜினியரம்மா.

மச்சான் கூரையைப் பார்த்தான். பதினோரு வருஷத்துக்கு முன்பு அந்தக் கம்பி ஏறியபோது ஏணியைப் பிடித்தவன் அவன்தான். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. எனக்கு மூன்று விநாடி மூன்று யுகமாகப் போனது.

"நான்தாம்மா."

"எப்போ?"

"பதினோரு வருஷமாச்சு."

அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். புகை விட்டுப் பார்க்கத் தொடங்கியதே இந்த வருஷம்தான். அதுவரை வெறும் எண்கள். "அப்ப அத்தனை வருஷமா எடுத்த அளவெல்லாம்?" என்றார்.

பிறகு, எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளை நீட்டினார். "நீங்களே எழுதிக் குடுங்க சார். தகட்டுல தப்பில்லேன்னு முதல் வரியிலயே வரட்டும்."

பக்கத்தில் மேசை இல்லை. தாளைத் தகட்டின் மேலேயே விரித்துக் குனிந்தேன். பளபளப்புக்குள்ளிருந்து வாய் பிளந்த ஒரு கிழவன் என்னைப் பார்த்தான்.

"பேனாவை அழுத்தாதீங்க அத்தான்," என்றான் மச்சான் காதோரமாக. "கீறல் விழுந்தா மறுபடியும் மாட்டு நாக்கு ஆயிடும்."